முப்பத்தைந்துக்கு மேல்

மனித குலம் தன் நெடிய வரலாற்றில் மூன்று முறைதான் உருப்படியாக யோசித்திருக்கிறது. முதல் முறை நெருப்பு கிடைத்தது. இரண்டாம் முறை சக்கரம் கிடைத்தது. மூன்றாம் முறை, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், தலைமைச் செயலகத்தின் நாலாவது மாடியில், நிதித்துறை இணைச் செயலாளர் பரணிதரனுக்கு ஒரு யோசனை வந்தது. இதில் மிகை எதுவும் இல்லை. பரணிதரனே பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார். நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்தவர்கள் யாரும் எழுந்து மறுத்ததில்லை.

யோசனை இதுதான்: அரசுப் பள்ளியில் இனி ஒரு பிள்ளையும் ஃபெயில் ஆகாது. அதற்காக அரசுக்கு ஒரு பைசாவும் கூடுதலாகச் செலவாகாது.

அதற்கு முன்பெல்லாம் ஃபெயிலாகும் பிள்ளைகளுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு நடக்கும். அதற்கென்றே தனியாக ஆசிரியர்கள், அவர்களுக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குச் சுண்டல். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அந்த ஒரு வரி மட்டும் நிதித்துறையின் தொண்டையில் முள்ளாகச் சிக்கும். கல்வித்துறைக்காரர்கள் வருடா வருடம் வந்து, "இன்னும் கொஞ்சம் குடுத்தா எல்லாப் பிள்ளையும் தேறிடும் சார்" என்பார்கள். பரணிதரன் வருடா வருடம் அவர்களுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்புவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீ குடிக்க வந்தவர் நஸ்ரின். அரசு ஆய்வுக்கூடத்தின் பொறியாளர், முப்பது வயது இருக்கும். ஓர் அட்டைப் பெட்டியிலிருந்து தலையில் மாட்டும் இரண்டு பட்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தார். இரண்டையும் ஒரு மெல்லிய குழாய் இணைத்தது.

"இதை நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு மாட்டணும் சார். இது, பாடம் வராத பிள்ளைக்கு. இருபது நிமிஷத்துல வராத பாடம் வந்துடும்."

"எங்கேயிருந்து வரும்?"

"அந்தப் பிள்ளைகிட்டேயிருந்து. நடுவுல ஒரு நினைவுத் தகடு இருக்கு. பாடத்தை அது நகல் எடுத்துத்தான் அனுப்பும். அதனால குடுத்த பிள்ளைக்கும் இருக்கும், வாங்கின பிள்ளைக்கும் இருக்கும்."

"தகடு என்ன விலை?"

நஸ்ரின் சொன்னார். அறையில் யாரோ இருமினார்கள்.

"தகடு இல்லாம ஓடாதா?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நஸ்ரின் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஓடும் சார். ஆனா நகல் போகாது, அசலே போயிடும். குடுத்த பிள்ளைகிட்டே ஒண்ணும் மிஞ்சாது."

பரணிதரன் பென்சிலை எடுத்தார். "பாஸ் மார்க் எவ்ளோம்மா?"

"முப்பத்தஞ்சு."

"தொண்ணூத்திரெண்டு வாங்குற பிள்ளை பாஸாக எவ்ளோ வேணும்?"

"அதுக்கும் முப்பத்தஞ்சுதான்."

"அப்போ மீதி அம்பத்தேழு?"

"அது... அதோட அறிவு சார்."

"உபரி," என்றார் பரணிதரன், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "மார்ச் மாசம் ஒரு துறையில பணம் செலவாகாம கிடந்தா என்ன பண்றோம்? எடுத்து, இல்லாத துறைக்குக் குடுக்குறோம். அந்தத் துறை அழுதா என்ன? பாஸுக்கு மேல படிச்சு வச்சிருக்கிறதும் அப்படித்தான். சும்மா கிடக்குது. பிள்ளைக்கு வலிக்குமா?"

"வலிக்காது சார், ஆனா..."

"வலிக்காதுன்னு எழுதிக்குங்க," என்றார் குறிப்பெடுப்பவரிடம். தகடு என்ற வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மூளையையே அளந்து சொல்லும் உணரி ஒன்றும் பட்டியலில் இருந்தது. "அதான் பரீட்சை இருக்கே" என்று அதன் மேலும் ஒரு கோடு இழுத்தார். வருடத்துக்கு ஒரு பரீட்சை போய் நாலு வந்தது. அவற்றுக்கு 'அளவீடு' என்று பெயர். அளவீட்டில் முப்பத்தைந்துக்கு மேல் எடுக்கும் பிள்ளை கொடுக்கும் பிள்ளை, கீழே எடுப்பது வாங்கும் பிள்ளை. சிறப்பு வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரையும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலைச் செலவு மட்டும் அந்த வருடம் கொஞ்சம் கூடுதல்.

அரசாணையில் அதன் பெயர் நிறைநிலைத் திட்டம். பிள்ளைகள் வைத்த பெயர் 'ஸ்ட்ரா'.

தொடங்கிய ஒரு மாதத்தில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பரணிதரன் ஒரு பள்ளிக்குப் போனார். தலைநகரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். சுற்றிலும் செங்கல் சூளை. தலைமையாசிரியர் ஞானசிகாமணி வாசலிலேயே சால்வையோடு நின்றார்.

அஞ்சாம் வகுப்பில் தேன்மலர் என்றொரு சிறுமி. அவளை முன்னால் நிறுத்தி ஞானசிகாமணி கேட்டார். "அரையும் காலும் சேந்தா எவ்ளோம்மா?"

கேள்வி முடியும் முன்பே, "முக்கால் சார்!" என்றாள். இன்னும் கேளுங்கள் என்பது போலக் குதிகாலில் எம்பி எம்பி நின்றாள்.

பக்கத்தில் ரிஷ்வந்த் என்றொரு பையன். அவனுக்குப் பின்னம் என்றாலே கண்ணில் நீர் முட்டும். இருவருக்கும் பட்டை மாட்டினார்கள். இருபது நிமிடம் கேமராக்கள் காத்திருந்தன. தேன்மலருக்கு லேசாகத் தூக்கம் வந்தது, அவ்வளவுதான். வலி இல்லை. பரணிதரன் அதைச் சுட்டிக்காட்டினார்.

பட்டையைக் கழற்றியதும் அதே கேள்வி. ரிஷ்வந்த், "முக்கால்," என்றான். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தேன்மலரும் தட்டினாள். பிறகு கரும்பலகையைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "சார், இந்தப் பாடம் எங்களுக்கு நடத்திட்டீங்களா?"

மதியச் சத்துணவு நேரத்தில் ஒரு சின்னக் கலவரம் நடந்தது. வேப்பமரத்தடியில் ரிஷ்வந்த் தன் முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு துண்டை மறுபடி இரண்டாகப் பிட்டு, தேன்மலரின் தட்டில் வைத்துக்கொண்டிருந்தான். "இது பாதி. பாதியில பாதி இது, கால்னு பேரு. இப்போ ரெண்டையும் ஒட்டு. எவ்ளோ காணோம்?"

தேன்மலர் முட்டையை உற்றுப் பார்த்தாள். முகத்தில் ஏதோ விடிகிற மாதிரி இருந்தது.

"டேய்! நிறுத்துடா!" ஞானசிகாமணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து இருவரையும் பிரித்தார். மூச்சு வாங்கியபடி பரணிதரனிடம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க சார். சின்னப் புள்ளைங்க, தெரியாமப் பண்ணுதுங்க. இப்படிச் சொல்லிக் குடுத்துட்டா ரெண்டு பேருகிட்டேயும் இருந்துடும். நாளைக்குத் தணிக்கைக்கு வர்றவன், கொடுத்தது ஒரு பின்னம், இருப்புல ரெண்டு இருக்கே, ஒண்ணு எங்கேருந்துய்யா வந்துச்சுன்னு என் கழுத்தைப் புடிப்பான்."

"ரொம்பக் கவனமா இருக்கீங்க," என்று பரணிதரன் பாராட்டினார். மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லித் தருவதைத் தடுத்து அடுத்த வாரமே ஒரு சுற்றறிக்கை போனது.

கிளம்பும்போதுதான் அதைப் பார்த்தார். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தேன்மலரை ஒரு பெண் நிறுத்தி வைத்திருந்தாள். தலையில் சும்மாடு, கையெல்லாம் செம்மண். சூளையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்த அவள் அம்மா செல்வராணி.

"ஏழெட்டு எவ்ளோடி?"

"அம்பத்தாறு."

"வாயைக் கிழிச்சிருவேன். எவ்ளோ?"

"அம்பத்து... நாலு?"

"என் ராசாத்தி. ஒம்போதாறு?"

"நாப்பத்தெட்டு."

"தங்கம்." மண் கையாலேயே மகளின் கன்னத்தைத் தடவினாள்.

பரணிதரன் சத்தமாகச் சிரித்துவிட்டார். கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்பின. "ஏம்மா, பெத்த பொண்ணை இப்படி முட்டாளாப் பழக்குறியே, வெக்கமா இல்லையா?"

செல்வராணி கும்பிட்டாள், ஆனால் நகரவில்லை. "பின்னத்தை எடுத்துட்டீங்களாம்ல, இவ சொன்னா. அடுத்த அளவீட்டுல வாய்ப்பாட்டை எடுப்பீங்க. அதாவது அவகிட்டே இருக்கட்டும்யா. கூலி குடுக்குறப்போ மேஸ்திரி ஏமாத்துறானா இல்லையான்னு எங்க வீட்டுல அவ ஒருத்திதான் சொல்லுவா."

"உன் பொண்ணு குடுத்ததுலதானே அந்தப் பையன் பாஸு?"

"அவனும் எங்க தெருதான்யா. அவன் பாஸாகட்டும், வேணாங்கலை. அதுக்கு என் புள்ளை ஏன்யா காலியாகணும்?"

அதற்குப் பரணிதரனிடம் பதில் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல பதில் இருந்தது. அதை மேடைகளுக்காக வைத்துக்கொண்டார். அடுத்த எட்டு மாதமும் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் செல்வராணியைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்று, குரலை மாற்றி, "ஏழெட்டு எவ்ளோடி?" என்று கேட்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைக் கழற்றுவார். "தப்பான விடைக்குக் கொஞ்சுகிற தாயை நான் கண்ணால் பார்த்தேன், நண்பர்களே. நாம் போராடுவது வறுமையோடு அல்ல. இந்த மனநிலையோடு!"

அந்த மனநிலை பரவிக்கொண்டிருந்தது. முதலில் வீடுகளில், பிறகு தெருக்களில். தெருமுனைகளில் புது டியூஷன் சென்டர்கள் முளைத்தன. பலகைகளில், "சென்ற அளவீட்டில் எங்கள் மாணவர்கள் அனைவரும் 36!" என்று போட்டு, வரிசையாகப் பிள்ளைகளின் படம். முப்பத்தைந்து என்றால் கொஞ்சம் வழுக்கினாலும் ஃபெயில். ஒரே ஒரு மார்க் உபரிக்காக யாரும் பட்டை மாட்டுவதில்லை, ஆனால் முப்பத்தேழு என்றால் ஸ்ட்ரா. முப்பத்தாறுதான் முத்து. தெரிந்ததை மறைத்து அந்த முப்பத்தாறில் போய் நிற்பதற்கு நூறு வாங்குவதைவிட அதிகம் படிக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தப்புகளை மனப்பாடம் செய்தார்கள்.

விளைவு, நிதித்துறைக்கு உபரி வற்றியது. வாங்க வேண்டிய பிள்ளைகள் பட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க ஆள் இல்லை. அவர்களுக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் மாலையோடு போய்ப் பல மாதமாகிவிட்டது. தேர்ச்சி சரியத் தொடங்கியது.

பரணிதரன் கலங்கவில்லை. உபரி எங்கே தேங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 'தனியார் பள்ளிகளுக்கும் திட்டத்தை விரிவுபடுத்தலாம்' என்று அருமையான குறிப்பொன்றை எழுதினார். கடைசிப் பத்தியில், யாருக்கும் உறுத்தாத மாதிரி, 'அரசு அலுவலர்களின் குழந்தைகள் நீங்கலாக' என்று ஒரு வரி. அவருடைய மகள் ஆதிரை தனியார் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு. கணக்கில் புலி. புலி என்பதுகூடக் குறைவு. குளிக்கும்போது ஷவரின் துளைகளை எண்ணி வந்து, "அப்பா, மொத்தம் எழுபத்திரெண்டு, ஆனா வட்டம் வட்டமா பார்த்தா ஆறு ஆறாக் கூடுது, ஏன்பா?" என்று கேட்கிற குழந்தை.

குறிப்பு பத்து நாளில் ஒப்புதலாகித் திரும்பியது. நிதிச் செயலாளர் அறைக்குக் கூப்பிட்டார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர், யாரையும் நோகடிக்க மாட்டார்.

"வாங்க பரணி. மேலிடத்துல ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு வரியை மட்டும் அடிச்சிருக்காங்க."

பரணிதரன் பார்த்தார். கடைசிப் பத்தி. அவர் இழுப்பது போலவே, நேரான, அழகான கோடு.

"அதிகாரி வீட்டுப் பிள்ளையே கொடுக்குதுன்னு பேப்பர்ல வந்தா எடுப்பா இருக்கும்னு நினைக்குறாங்க. உங்க பொண்ணு கணக்குல நூத்துக்கு நூறாமே? முதல் போட்டோ அவளுதுதான். கொடுத்து வச்சவர்யா நீங்க." செயலாளர் கை கொடுத்தார். "அப்புறம், தேசிய மாநாட்டுல மத்த மாநிலத்துக்காரங்களுக்கு நம்ம திட்டத்தை நீங்கதான் விளக்கப் போறீங்க. செலவே இல்லாத திட்டம்னு அங்கே ஒரே பேச்சாம்."

அன்று மதியம் நஸ்ரின் வந்தார். இந்த முறை டீ வேண்டாம் என்றார்.

"தகடு விலை பாதியாக் குறைஞ்சிருக்கு சார். ஏற்கெனவே வாங்கின மெஷின்லயே சொருகிடலாம். கல்வித்துறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. வெட்டினவர் நீங்க. நீங்களே திருத்தக் குறிப்பு எழுதினா ஒரு வாரத்துல முடிஞ்சுடும். அடுத்த அளவீட்டுக்குள்ள எல்லாப் பள்ளிக்கும் அனுப்பிடுவேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "உங்க பொண்ணுக்கும் எதுவும் ஆகாது சார்."

"குறிப்புல என்ன எழுதணும்?"

"உள்ளதைத்தான். தகடு இல்லாம ஓட்டினது தப்பு, அதுக்கு இவ்வளவு செலவாகும்னு."

பரணிதரன் பென்சிலை உருட்டினார். உருட்டியபடியே யோசித்தார். அந்த வரியைச் சேர்த்தால் திட்டத்துக்குச் செலவு உண்டு என்றாகும். செலவு உண்டென்றால் மாநாட்டில் பேச ஒன்றும் இல்லை. மனித குலத்தின் உருப்படியான யோசனைகள் மறுபடியும் இரண்டாகிவிடும்.

"பார்க்கலாம்மா," என்றார்.

"பார்க்கலாம்னா?"

"அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்."

"அதுக்குள்ள ரெண்டு அளவீடு வரும் சார். இதுவரைக்கும் குடுத்ததே லட்சக்கணக்கான பிள்ளைங்க."

"குடுத்தது குடுத்ததுதானேம்மா. இனிமே தகடு போட்டா மட்டும் அதுங்களுக்குத் திரும்பியா வரப் போகுது?"

நஸ்ரின் தான் கொண்டுவந்த தகட்டைப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு பெட்டியை மூடிக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி ஷோபிகா காத்திருந்தார். செய்தி ஏற்கெனவே பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தது. "நம்ம தெருமுனை சென்டர்ல விசாரிச்சேன். பதினஞ்சு நாள்ல முப்பத்தாறுல நிறுத்திடுவாங்களாம். சேர்த்துடலாமா?"

"அங்கே எப்படிப் போறது? அந்த ஆளு ரிசப்ஷன்ல என் போட்டோவை மாட்டி சீரியல் லைட் போட்டிருக்கான்."

"உங்க போட்டோவா? எதுக்கு?"

"நான் இல்லைன்னா அவனுக்கு ஏது தொழில்?"

"அப்போ நீங்களே ஒரு வழி சொல்லுங்க. என் பொண்ணு தலையில அந்தக் கருமத்தை மாட்ட விடமாட்டேன். சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும், பரணிதரன் அறையின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டார். ஆதிரையை எதிரில் உட்கார வைத்தார்.

"செவ்வகம். நீளம் பன்னெண்டு, அகலம் அஞ்சு. சுற்றளவு?"

"முப்பத்திநாலு. ஈஸிப்பா."

"இல்லை."

"சரிதான்பா. பன்னெண்டும் அஞ்சும் பதினேழு, ரெண்டு தடவை..."

"சரிதான். அதனாலதான் இல்லைங்கிறேன். வேற சொல்லு."

ஆதிரை சிரித்தாள். "விளையாட்டா? அப்போ ஆயிரம்!"

"ஆயிரம்னா நடிக்குறேன்னு தெரிஞ்சுடும். தப்புன்னா நியாயமான தப்பா இருக்கணும். சுற்றளவு கேட்டா பரப்பளவு சொல்லு. அறுபது. திருத்துறவன், 'அட, குழந்தை குழப்பிக்கிச்சு'ன்னு நினைக்கணும். புரியுதா?"

புரிந்தது. அவளுக்கு எதுவும் சீக்கிரம் புரிந்துவிடும், அதுதான் பிரச்சினை. கொஞ்ச நேரம் நன்றாகவே போனது. பிறகு கேள்விகள் கடினமாகக் கடினமாக அவள் கண்ணில் வெளிச்சம் ஏறியது. விளையாட்டை மறந்தாள். எம்பி எம்பி உட்கார்ந்து சரியான விடையைக் கத்தினாள்.

"தப்பாச் சொல்லும்மா."

"சாரிப்பா, வாயில வந்துடுச்சு."

"அடுத்தது."

மறுபடியும் சரி.

"நான் என்ன சொன்னேன்?"

"அப்பா, நீயே பாரேன், இந்தக் கணக்கு சூப்பரா இருக்குப்பா. இதை இன்னொரு வழியில போட்டாலும் அதேதான் வருது, காட்டட்டுமா? இங்கே பாரு..."

அறை விழுந்தது. அவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்று பரணிதரன் நினைக்கவில்லை. பென்சில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அடுத்த அறையில் ஷோபிகா டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆதிரை அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான்டா," என்றார். குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்தார். "சரி. நூத்தி நாப்பத்திநாலைப் பன்னெண்டால வகுத்தா?"

அவள் வெகு நேரம் யோசித்தாள்.

"பதினாலு."

நல்ல தப்பு. நியாயமான தப்பு. பரணிதரனுக்கு மூச்சு சீரானது. அதற்குப் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். குறும்பு இல்லை. முந்தைய தப்புகளைச் சொன்னபோது உதட்டோரத்தில் ஒளித்து வைத்திருந்த சிரிப்பு இல்லை. அந்தக் கண்களில் விடை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"ஆதிரா. இப்போ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எது சொன்னா அடிக்க மாட்டீங்க?"

பரணிதரன் அடுத்த கேள்வியைத் தேடினார்.